கேரியரில் ஏறிய பாரம்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்கு நடக்காமலிருந்தால் நானே சிரித்திருப்பேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போய்ப் படித்தவள் நான். பேய் என்று யாராவது தொடங்கினால் வாயை அடைத்துத்தான் விடுவேன். ஆனால் 2022 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, பின்னேரம் 6.31க்கு நடந்ததை நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பெற்றோல் இல்லாத காலம். பஸ் வந்தால் வரும். மாத்தளை டவுனில் அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நளீம் நானாவின் சைக்கிள் கடையில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். கேரியரைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார். பூட்டித் தரச் சொன்னேன். அது வேண்டாம், புதிது வந்ததும் போட்டுத் தருகிறேன் என்று இழுத்தார். பொம்பளை கேட்டால் எல்லாருக்கும் ஒரு சாக்கு வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று பூட்ட வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

முதல் வாரம் டவுனுக்குள் உருட்டிக்கொண்டுதான் போனேன். இரண்டாம் வாரம் ஏறி மிதித்தேன். சந்தியில் விசில் வந்தது. மூன்றாம் வாரம் காலை ஊன்றி நின்று, விசில் அடித்தவனை நேராகப் பார்த்தேன். தலை குனிந்தான். அன்று வீடு வரைக்கும் பாடிக்கொண்டே போனேன்.

ஒருவன் மட்டும் குனியவில்லை. சிவப்பு மோட்டார் சைக்கிள்காரன். ஊருக்கே இல்லாத பெற்றோல் அவனுக்கு எங்கிருந்தோ கிடைத்தது. தோட்டத்து ஏற்றத்தில் பக்கத்தில் வந்து, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, தன் பின்னால் ஏறச் சொல்லித் தினமும் ஒரே கேள்வி: "நங்கி, டபிள்ஸ் போவமா?" அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளை நிறுத்திவிடுவார். சைக்கிள் நின்றால் வேலை நின்றுவிடும்.

அன்று 6.20க்கு ஏற்றத்தில் திரும்பினேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களுக்குள் ஆள் அரவம் இல்லை. டைனமோவைத் தட்டிவிட்டேன். கிர்ர்ர்...

6.26. சின்னப் பாலம் தாண்டியதும் கேரியர் ஸ்பிரிங் கத்தியது. கிறீச்.

பை என் தோளில் இருந்தது. கேரியரில் ஒன்றும் இல்லை.

ஆனால் சைக்கிள் கனத்தது... ஆள் ஒன்று பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்த கனம்.

நின்றேன். சக்கரம் நின்றால் டைனமோ விளக்கு அணைய வேண்டும்.

அணையவில்லை.

மறுபடி மிதித்தேன். 6.31. பின்னால் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் வந்தான். என் தோளில் கிடந்த ஷோலின் நுனிக்குக் கையை நீட்டினான்.

கை பாதியில் நின்றது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான்.

"நான் இழுக்கல்ல நங்கி..."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"நான் இழுக்கல்ல."

மோட்டார் சைக்கிளை அப்படியே சரித்துவிட்டு இறக்கத்தில் ஓடினான். எஞ்சின் மட்டும் தனியாக... டக்... டக்... டக்...

நான் திரும்பவில்லை.

மிதித்தேன்.

லய வாசலில் காலை ஊன்றினேன்.

கிறீச்.

கனம் இறங்கியது.

மறுநாள் காலை நளீம் நானாவின் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் கேரியரைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். நாலு வருசத்துக்கு முன் அந்தச் சைக்கிளில் ஒரு அக்காவும் தங்கச்சியும் டபிள்ஸ் போயிருக்கிறார்கள். அடைமழை. பாலம் தாண்டிய ஏற்றத்தில், பின்னால் இருந்த தங்கச்சி விழுந்து, தலை கல்லில் மோதி, அங்கேயே உயிர் போயிருக்கிறது. அவளுடைய ஷோல் மட்டும் வெகுதூரம் தள்ளிக் கிடந்ததாம். யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து அதை இழுத்து அவளை விழுத்திவிட்டு, கொண்டுபோய் வீசியிருக்கிறான். யாரென்று பிடிபடவேயில்லை. முன்னால் மிதித்தவளுக்கு மழையில் எதுவும் கேட்கவில்லை.

"வீட்டு வாசல் வரைக்கும் பாரம் கொறயவே இல்லயாம் தங்கச்சி" என்றார். "எறங்குன்னு சொல்லித் திரும்பிப் பார்த்தாவாம்... ஆள் இல்ல."

கழற்றிவிடவா என்று ஸ்பேனரை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளின் நம்பரைப் பொலிஸில் கொடுத்தேன். இழுத்ததைக் கண்ட சாட்சி யார் என்று கேட்டார்கள்.

அவன் பிறகு அந்த ரோட்டுக்கு வரவில்லை. நான் இன்னும் அதே சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பாலம் வந்ததும் கொஞ்சம் மெதுவாக்குவேன்.

அவள் ஏற வேண்டுமே.