நான் சரியாகச் சொன்ன வினைச்சொல்

எழுபதுகளின் கடைசியில், டில்லியில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் நடந்த மாலைநேர ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலைமேல் ஒரு கண்.

அந்த மொழியில் இறந்தகாலம் ஒன்றல்ல. ஒருமுறை சாப்பிட்டு முடித்திருந்தால் 'கோமீ'. வழக்கமாகச் சாப்பிட்டுவந்திருந்தால் 'கோமீயா'. 'கோமேர்', அதாவது சாப்பிடுவது, என்ற வினைச்சொல்லின் வாலில் இருக்கும் 'ஏர்' என்பதை வெட்டிவிட்டு 'ஈயா' ஒட்டவேண்டும். இந்திக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் 'கோமீ' என்றே எழுதி, "மதராசி தலைக்குள்ள இட்லி மாவு" என்று வாத்தியாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஒருநாள் உறைத்தது. 'சின்ன வயசில் தினமும் அங்கே சாப்பிடுவேன்' என்று நாம் சொல்வதில்லையா? அந்த 'வேன்'தான் இந்த 'ஈயா'.

மறுநாள் துள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பாடம் நடக்கும்போது கக்கூஸ் கழுவும் அம்மாள் ஃபினாயில் வாளியோடு உள்ளே வந்தாள். மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து வருகிறவள், தமிழ்க்காரி. வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைக் கண்ணால் காட்டினார்.

"அச்சா மதராசி, 'ஓலேர்', நாறுவது. இவளை வச்சு ஒரு வாக்கியம் சொல்லு."

"அந்தப் பெண் ஓலீயா" என்றேன். எப்போதும் நாறுவாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"ஷாபாஷ்!" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவளிடம் போய், "உன்னைப் பத்தி அசிங்கமா ஒண்ணு சொல்லிட்டேன்மா" என்றேன்.

"தெரியும் கண்ணு. அந்தாளு மூக்கைப் புடிச்சானே, அதுக்குப் பாஷை வேற தெரியணுமா?" துடைப்பத்தை நிறுத்தாமல் சொன்னாள். "ஆரம்பத்துல இதைக் கழுவிட்டு நானே வாந்தி எடுப்பேன். சோறு எறங்காது. நீங்க போற கக்கூஸுதானே? காலைக் கொஞ்சம் நகத்து."

நகர்த்தினேன்.

அன்றோடு அந்த வகுப்பை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. சான்றிதழ் வேண்டியிருந்தது. மிச்ச மாதங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் பாடத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் இறந்தகாலக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். அவர் எழுந்து கை குலுக்கினார். நானும் கையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். யாருடைய அழுக்கைக் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை.