சங்கு என்று மட்டும் எழுதினேன்

அந்த மனுவை எழுதியது நான்தான். அதனால் இந்த அசிங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. தூத்துக்குடியில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காள் புருஷன், எனக்கு அத்தான், சங்கு குளிக்கிறவர். விடியுமுன் வள்ளத்தில் போய், மூச்சை அடக்கி மூழ்கி, கடலடி மணலில் கிடக்கும் சங்கைப் பொறுக்கி வருவார். எடுக்கிற சங்கு அத்தனையும் சர்க்காருடையது. கரையில் சர்க்கார் கொட்டகையில் போட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே ஒரு சங்கை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் கேஸ்தான்.

அந்தச் சங்கெல்லாம் வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். தேசத்தைப் பிரித்தபோது அங்கே வளையல் அறுக்கிறவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். வாங்க ஆளில்லாமல் கொட்டகையில் சங்கு குவிந்தது. இருப்பு விற்கிற வரைக்கும் யாரும் குளிக்க வேண்டாம் என்று பருவத்தின் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, தண்ணீர் தெளிகிற காலம் நெருங்கியது, புதுப் பருவத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அத்தானுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. கொழும்புக்குப் போகிற தோணியின் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப் போகும் தலைவர், அவருக்கு ஓர் ஆள் இடம் வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் தவறினால் உப்பளம்தான். உப்பளம் அவருக்கு ஆகவே ஆகாது. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்துப் பார்த்து அவர் கண் இரண்டும் சிவந்து பீளை கட்டியிருக்கும். ‘உப்புப் பாத்தியின் வெள்ளைக் கூச்சத்தில் ஒரு வருஷம் நின்றால் பார்வை போய்விடும்’ என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அக்காள் அதை நினைத்து நினைத்து மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

“தோணிக்குப் போங்களேன்” என்றேன் நான்.

“தோணி தண்ணிக்கு மேல போறவனுக்குளா. நான் அடியில போறவன்” என்றார் அத்தான். “சங்கு மட்டும் தொடங்கட்டும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர். வக்கீல். சட்டசபையில் எழுந்தால் சர்க்காரை வெளுத்து வாங்குவார் என்று பெயர். தெருவார் எல்லோரும் கூடி அவருக்கு மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவள் நான். ‘எங்கள் ஊரில் சங்கு நிறுத்தப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. சங்கை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர் குடும்பங்கள் தவிக்கின்றன. சங்கை உடனே மறுபடி தொடங்க ஆவன செய்ய வேண்டும்’ என்று அழகாக எழுதினேன். எங்கள் தெருவில் ‘சங்கு குளித்தல்’ என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. சங்கு இருக்கிறது, சங்கு இல்லை, இவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முழு வாக்கியம் எழுது என்று பிரம்பைத் தட்டுகிறவள், ‘குளித்தல்’ என்ற ஒரு சொல்லை விட்டேன்.

மனுவைக் கொண்டுபோனபோது அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார், அதன் ஓரத்திலேயே சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டார். நான் ராத்திரி கண் விழித்து எழுதிய காகிதம் அது.

“ஐயாவுக்கு ஏதாவது விளக்கம் வேணும்னா கேளுங்க” என்றேன்.

“என்னம்மா விளக்கம்? நான் இந்த ஊர்க்காரன் இல்லையா? சங்கு தெரியாதா எனக்கு? கேள்வி கேட்டு மந்திரியை உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுதேன், போங்க.”

கடற்கரைப் பக்கம் வந்தால் மூக்கில் துண்டை வைத்துக்கொள்கிறவர் அவர். அப்போதே நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேப்பரில் நாலே வரி வந்தது. தூத்துக்குடியில் சங்கு நின்றுபோனதால் தொழிலாளர்கள் படும் சிரமம் பற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டதற்கு, சங்கு விரைவில் மறுபடி தொடங்கும் என்று மந்திரி பதில் சொன்னாராம். பள்ளிக்கூட மேசையிலிருந்து பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். தெரு நடுவில் நின்று உரக்க வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். மாதா கோயிலில் பூசைக்குக் கொடுக்க வேண்டும் என்று அக்காள் அழுதாள்.

அன்று சாயங்காலமே அத்தான் தண்டலிடம் போய், “இடத்தை வேற ஆளுக்குக் குடுங்க அண்ணாச்சி, எங்களுக்குச் சங்கு வந்துட்டு” என்று சொல்லிவிட்டு வந்தார். தோணி கிறிஸ்துமஸ் கழிந்து பாயேற்றியது. அத்தான் தோணித்துறைப் பாலத்தில் நின்று கையசைத்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து வள்ளத்துக் கயிறுகளை வெயிலில் காயப்போட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் முனிசிபாலிட்டி பியூன் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ரோஸ் நிற நோட்டீஸ் கட்டு.

“ஒரு பெரிய சங்கு வேணும், ஊதுத மாதிரி. ஞாயித்துக்கெழம சங்கு திறப்பு விழா. முதல்ல நெசச் சங்க ஊதிட்டு அப்புறம் மிசின் சங்க ஊதணும்னு எம்.எல்.ஏ. ஐயா சொல்லுதாவ.”

“எந்த மிசின் சங்கு?” என்றேன்.

“சண்டைக் காலத்துல பிளேன் வந்தா ஊதுமே, டீச்சர், அதுதான். சண்டை முடிஞ்சதும் நிறுத்திட்டாவள்லா? இனி தொழிலாளிக்கு நேரம் தெரிய அஞ்சு மணிக்கு ஊதப் போகுது. ஐயா சட்டசபையில போராடி வாங்கியிருக்காவ.”

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். ‘தூத்துக்குடிக்கு மீண்டும் சங்கு’ என்று கொட்டை எழுத்து. நான் எழுதிய சொல், நான் எழுதியபடியே.

அத்தான் பியூனிடம் சொன்னார்: “வீட்டுல சங்கு வச்சிருந்தா எங்க மேல கேஸு போடுவாவ அண்ணாச்சி. கொட்டகையில போய்க் கேளுங்க. அங்கன மலையாக் கெடக்கு.”

விழாவுக்கு அத்தான் போகவில்லை. நான் போனேன். மேடையில் எம்.எல்.ஏ. மாலையோடு நின்று, சட்டசபையில் தான் எழுந்ததையும் மந்திரி பணிந்ததையும் கால் மணி நேரம் சொன்னார். பட்டனை அழுத்தினார். அந்த ஊளை என் பல்லைக் கூசவைத்தது. கூட்டம் கை தட்டியது. இறங்கி வரும்போது படியில் மறித்தேன்.

“ஐயா, நாங்க கேட்டது கடல் சங்கு. குளிக்கிற சங்கு.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தெரியும்மா. மந்திரி எழுந்து பதில் சொல்லும்போதே, ஊதுற சங்கைச் சொல்லுதார்னு தெரிஞ்சுபோச்சு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முட்டாள் என்றுதான் நினைத்து வந்திருந்தேன். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

“அப்போ ஏன் ஐயா சொல்லல?”

“எதிர்க்கட்சிக்காரன் கேட்டு, சரின்னு ஒரு பதில் வாரதே அபூர்வம். சபையே மேசையைத் தட்டுது. அப்போ நான் எழுந்து, நான் கேட்டது இது இல்லைன்னு சொன்னா என் மரியாதை என்ன ஆகும்? அடுத்த கூட்டத்துல பார்ப்போம். ஊதுற சங்கை ஊதி வச்சிருக்கு, விடியும்போது விடியட்டும்.”

“எங்க அத்தானுக்குத் தோணி போயிட்டு ஐயா.”

“எந்தத் தோணி?” என்றார் அவர். பதிலுக்குக் காத்திராமல், பக்கத்தில் நின்றவர் நீட்டிய வெற்றிலையை வாங்கி, சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

சர்க்காரைத் திட்டுகிறவன் நம்மவன் என்று நம்பிய எங்கள் புத்தியை நினைத்தும், தெரு நடுவில் நின்று ராகம் போட்டு வாசித்த என் குரலை நினைத்தும் வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன்.

அந்த மாதமே அத்தான் உப்பளத்துக்குப் போனார். வேறு தோணியில் இடம் கேட்டுப் பார்த்தார், எல்லாம் நிறைந்திருந்தது. அஞ்சு மணிக்குச் சங்கு ஊதும், எழுந்து போவார். சாயங்காலம் கண்ணில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். நான் மறுபடி மனு எழுதினேன், ‘கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் தொழில்’ என்று முழுதாக, அடிக்கோடு போட்டு. அந்த மனு சட்டசபையை எட்டியதா என்று தெரியாது. எட்டியிருந்தால் அதன் ஓரத்திலும் சுண்ணாம்பு இருந்திருக்கும்.

மறு வருஷம் யார் கேட்டோ கேட்காமலோ, கொட்டகைச் சங்கு விற்றுப்போய், குளிப்பு தானாகத் தொடங்கியது. முதல் நாள் அத்தான் வெள்ளை வேட்டி கட்டிப் பூசை கண்டு, வள்ளத்தில் ஏறினார். அக்காள் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மத்தியானம் எல்லோரும் பை நிறையக் கொண்டுவந்தார்கள். அத்தான் பையில் மூன்றே சங்கு கிடந்தது.

“தண்ணி கலங்கலா இருந்துதோ?” என்று அக்காள் கேட்டாள்.

“தண்ணி கண்ணாடியா இருந்துதாம்” என்றார் அவர். “எனக்குத்தான் மணலும் ஒண்ணுபோலத் தெரியுது, சங்கும் ஒண்ணுபோலத் தெரியுது.”

இன்னும் இரண்டு நாள் போய்ப் பார்த்தார். பிறகு போகவில்லை. நாலாம் நாள் இருட்டோடு அந்த ஊளை கேட்டது. அவர் எழுந்து, உப்பளத்துக்குக் கட்டுகிற பழைய வேட்டியைச் சுவரைத் தடவி எடுத்தார். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியும். கோபமே இல்லாமல்தான் சொன்னார்:

“ஏளா, ஒஞ் சங்கு ஊதிட்டு. நான் வாரேன்.”