இந்த ரெண்டும் ஃபெயில் ஆவும்!

போன மாதம், தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டையில், என் பள்ளித்தோழி செல்வியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது. சொல்கிறேன்... நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

செல்வி பட்டறை வைத்துக் கட்டடக் கல் செய்கிறாள். புதுவிதக் கல். பாறை உடைக்கும் கிரஷரில் வீணாகும் கல்தூளில் செய்தது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நடுவே கலவை பூச வேண்டாம். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தாள். வாங்கத்தான் ஆளில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள் – "இதுல எங்க கட்டியிருக்கு?"

புதுசு என்றால் எங்கேயும் கட்டியிருக்காது என்றுதானே அர்த்தம்? மேடையில் சுயதொழிலுக்குக் கை தட்டுவோம். வீடு கட்டும்போது பழைய கல்லைத்தான் வாங்குவோம். நானும் அப்படித்தான்... மறைப்பானேன்?

கடைசியாக, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக எஞ்சினியர் ஒருவர் வந்தார். அன்று நானும் பட்டறையில் இருந்தேன். இந்த ஆர்டரும் போனால் பட்டறையை மூடிவிட்டு, விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவதென்று செல்வி முடிவு செய்திருந்தாள்.

லேபில் சோதிக்க அவர் பத்துக் கற்களைப் பொறுக்கினார். இவள் சும்மா இருக்கக் கூடாதா? ஒரு கம்பியால் ஒவ்வொன்றையும் தட்டினாள். இரண்டைத் தள்ளி வைத்தாள்.

"சார், இந்த ரெண்டும் ஃபெயில் ஆவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி பேசற?" என்று கிள்ளினேன்.

அவள் கண்டுகொள்ளவில்லை. "எங்கப்பா சுரங்கத்துக்குள்ள எறங்குனா, மொதல்ல தலைக்கு மேல பாறைய தட்டுவாரு சார். கணீர்னா வேலை. மொத்துனு கேட்டா உள்ள விரிசல், ஓட்டம். இங்கயும் தட்டாம ஒரு கல்லு வெளிய போவாது. நீங்க இன்னும் தட்டாத அடுக்குலேர்ந்து எடுத்துட்டீங்க."

எஞ்சினியர் சிரித்தார். அந்த இரண்டிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, பத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். போச்சு!

சில நாள் கழித்து செல்வியின் போன். அழுகிறாள். எட்டு பாஸ். இரண்டு ஃபெயில்... அவள் சொன்ன அதே இரண்டு! ஆர்டர் கொடுத்துவிட்டு எஞ்சினியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம் – "தட்டிப் பாக்காம ஒரு கல்லும் அனுப்பாதீங்கம்மா."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. எங்க ஊர்க்காரியாக்கும்! நான் வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

பள்ளிச் சுவர் இப்போது ஜன்னல் உயரம் வந்துவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் இன்னமும் "எங்க கட்டியிருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். செல்வி பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்லி, கையில் அந்தக் கம்பியைக் கொடுக்கிறாள்.

"போய்த் தட்டிப் பாருங்க."