பேர் எழுதாத கூலி

வேலைக்குச் சேர்ந்த அன்றே ராஜதாஸ் சத்தியபாயிடம் சொல்லிவிட்டான்.

"மைனி, விதவை பென்ஷன் வாங்கியவ கூலி வாங்கப்பிடாது. சட்டமாக்கும். அறிஞ்சா பென்ஷனும் போவும், இதுவரை வாங்கினதையும் திருப்பிக் கெட்டணும். நான் ஒளிச்சுத் தாறேன். ரிஜிஸ்டர்ல பேரு எழுத மாட்டேன். நீங்க வெளியே ஒரு வார்த்தை மிண்டப்பிடாது."

ராஜதாஸ் அவள் கணவனுக்குச் சித்தப்பா மகன். கேரளத்து அமரவிளையில் ஹைவே ஓரமாக ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் போடும் ஷெட் வைத்திருந்தான். கணவன் தென்னையிலிருந்து விழுந்து செத்தபோது, வில்லேஜ் ஆபீஸுக்கும் பஞ்சாயத்துக்கும் அலைந்து பென்ஷன் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அவன் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை.

குளத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். குலை குலையாகக் காய் உரிப்பாள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே சீவுகட்டையைப் பிடித்துக்கொண்டு காயைச் சீவுவாள். அதே வேலைக்கு, கூட வேலைசெய்த ஸ்மிதாவுக்கும் மற்ற நாலு பெண்களுக்கும் நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய். அவளுக்கு இருநூற்றைம்பது. "மறைச்சுத் தாறதுக்கு எனக்கும் ரிஸ்க் உண்டுல்லா மைனி" என்பான்.

எப்போதாவது அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றால் ராஜதாஸ் விரலைச் சொடுக்குவான். சத்தியபாய் ஓடிப்போய்ப் பின்பக்கக் கக்கூஸில் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை இரண்டு மணி நேரம் ஆயிற்று. வியர்த்து ஒழுக வெளியே வந்தவளைப் பார்த்து ஷெட்டே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

ஆறாவது வருஷம், ஓணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், உருளி சரிந்து அவள் வலது கையில் எண்ணெய் கொட்டியது. முழங்கையிலிருந்து விரல்வரை தோல் வெந்து உரிந்தது. ஆட்டோவில் கூட்டிப்போகும்போது ராஜதாஸ் காதோரம் குனிந்து, "வீட்டுல அப்பளம் பொரிக்கையில கொட்டினதுன்னு சொல்லணும், கேட்டியளா" என்றான். ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னாள். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, "அப்பளம் பொரிக்க இவ்வளவு எண்ணெயா?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா" என்றாள். அவள் படுத்துக் கிடந்த இரண்டு மாசத்துக்கு ராஜதாஸ் ஒரு பைசா தரவில்லை.

அந்த வருஷம், பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதைக் காட்டிக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட கையோடு, இடது கைரேகை போதுமா என்று கேட்கப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனாள். கிளார்க் ஆர்யா என்ற பெண். "கைக்கு என்னாச்சு?" என்றாள்.

"வேலை செய்யியப்ப எண்ணெய் கொட்டினது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதும் மேஜைமேல் குனிந்தாள். "மக்கா, பென்ஷனை வெட்டிராதே. கொஞ்சம்தான் வாங்குதேன். உனக்கக் காலைப் பிடிக்கேன்."

ஆர்யா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். "கூலிவேலைக்குப் போவப்பிடாதுன்னு ஆரு பறஞ்சது சேச்சி? வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சம் தாண்டப்பிடாது, அம்புட்டுதான். இஞ்ச வாறவங்க பாதிப்பேரும் கூலிக்காரங்கதானே."

சத்தியபாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபீஸ் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ராஜதாசே, அறிஞ்சோண்டுதான் எனக்கிட்ட பொய் சொன்னியா?"

அவன் சிப்ஸை அரித்தெடுத்துக்கொண்டே சொன்னான். "ஆறு வருஷம் ஆருக்க தயவுல கஞ்சி குடிச்சிய? நீங்க ஆபீஸுல போய்க் கேக்காததுக்கு நானா பொறுப்பு? வேணும்னா போய்க் கேஸு குடுங்க. இஞ்ச வேலை பாத்ததுக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் கடலாசு உண்டா?"

ஸ்மிதா தலையைத் தூக்காமல் காய் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கும் தெரியுமாடி?" என்றாள் சத்தியபாய்.

"தெரியும். சொன்னா எனக்க வேலை போவும்."

இரண்டு வாரம் கழித்துப் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ராஜதாஸ் புகார் கொடுத்திருந்தான்: சத்தியபாய் ஆறு வருஷமாக என்னிடம் தினம் அறுநூறு ரூபாய் கூலி வாங்கியிருக்கிறாள், லட்சத்தைத் தாண்டிய வருமானத்தை மறைத்து அரசை ஏமாற்றியிருக்கிறாள். பென்ஷன் அன்றைக்கே நிறுத்தப்பட்டது.

விசாரணைக்கு ராஜதாஸ் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். செக்ரட்டரி புகாரை உரக்க வாசித்தார். அழுது மன்றாடத்தான் சத்தியபாய் வந்திருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு வேறொன்று புரிந்தது.

"சாரே, ஆறு வருஷம் அவருக்கிட்ட வேலை பாத்தேன்னு அதுல எழுதியிருக்கா?"

"உண்டு."

"கையெழுத்து?"

"உண்டு. கடை சீலும் உண்டு."

"அதுக்க ஒரு காப்பி எனக்கு வேணும்."

ராஜதாஸ் பாதி எழுந்தான். "மைனி, நம்ம குடும்பக் காரியம், வீட்டுல வச்சு..." அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தக் காப்பி லேபர் ஆபீஸுக்குப் போனது. அறுநூறு கொடுத்ததற்கு ரிஜிஸ்டர் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் அவள் பேர் ஏது? பதினாலு மாசம் இழுத்தடித்து, கடைசியில் கூலிப் பாக்கியும் கைக்கு நஷ்டஈடுமாகக் கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டான். பணம் அவள் கணக்கில் ஏறிய வருஷம், அந்தப் பணமே வருமானமாகி லட்சத்தைத் தாண்டியது. நிறுத்தி வைத்திருந்த பென்ஷனை அடியோடு ரத்து செய்து பஞ்சாயத்துக் கடிதம் அனுப்பியது. அவளுடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காமலே போயிற்று. ராஜதாஸ் ஷெட்டை மூடிவிட்டுப் பாறசாலையில் மச்சினன் பேரில் வேறொன்று திறந்தான். பழைய பெண்களில் ஒருத்தியையும் சேர்க்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் ஸ்மிதாவுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. சத்தியபாய் உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்குப் பைசா கிட்டிச்சு" என்றாள் ஸ்மிதா, ஜன்னலைப் பார்த்தபடி. "எங்க அடுப்பு அணைஞ்சு போச்சு."

"ஆறு வருஷத்துல ஒருநாள், கக்கூஸுக்கு வெளியே நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்கா. சிரிச்சல்லா நின்னிய."

ஸ்மிதா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அவள் வீட்டுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது.