ஐந்தாம் கதவில் எழுதிய ‘காலி’

முப்பது ஆண்டுகளாக இரும்பை வெட்டிப் பிழைப்பவர் அவர். பட்டறைத் தெருவில் அவருக்குத் ‘தட்டுக்காரர்’ என்று பெயர். எந்த இரும்பையும் சுத்தியலால் மூன்று இடங்களில் தட்டிக் கேட்ட பிறகே தீ வைப்பார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக்கூட விடமாட்டார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

போர்க்காலத்தில் கப்பல்களைச் சுடுவதற்காகக் கடல்முனையில் கட்டிய பீரங்கித் தளத்தைப் பார்வையாளர்களுக்குத் திறக்க ஏற்பாடு நடந்தது. பீரங்கிகள் என்றோ போய்விட்டன. அவை நின்று சுழன்ற கான்கிரீட் வட்டங்களும், அடியில் குண்டுகளை அடுக்கிவைத்த ஐந்து அறைகளும் மிஞ்சியிருந்தன. பழைய குண்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று சோதனைக் குழு அறை அறையாகப் பார்த்து, ஒன்றும் இல்லாத அறைக் கதவில் ‘காலி’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. துருவேறி இறுகிய ஐந்தாம் கதவிலும் ‘காலி’. அதன் கீல்களை அறுத்தெடுப்பது தட்டுக்காரரின் வேலை.

மேலே தட்டினார், கணீர். நடுவிலும் கணீர். கீழே தட்டியபோது மொத்தென்றது.

“உள்ள எதோ சாஞ்சிருக்கு.”

“யோவ், தட்டிக்கிட்டே இருந்தா உள்ளேருந்து ‘யாரது’ன்னு கேக்கப் போறாங்களா?” என்றார் ஒப்பந்தக்காரர். “அதான் காலின்னு எழுதியிருக்கே!”

அதற்குள், அவரோடு பட்டறையில் வேலை செய்யும் தங்கை கணவன் கேஸ் கட்டரைப் பற்றவைத்துவிட்டான். “நகருங்க மச்சான், நான் முடிச்சிடறேன்.”

நீலத் தீ கீலை நோக்கி நீண்டது. அவர் கண்ணோ எழுத்தில் நிலைத்திருந்தது. ‘கா’வின் துணைக்கால் கீழே சுழித்து வால்விட்டிருந்தது. பட்டறையில் தீர்ந்துபோன சிலிண்டர் ஒவ்வொன்றிலும் எழுதிய ‘காலி’யில் பார்த்த வால்.

பாய்ந்து சிலிண்டரின் திருகை மூடினார். தீ ‘டப்’பென்று அணைந்தது.

“மாப்ளே, இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா... நேத்து தீந்துபோன சிலிண்டர இங்க சாத்தி வெச்சேன். ஈரத்துல அதுமேல சுண்ணக்கட்டி பிடிக்கல. அதான் பக்கத்துல கதவுல...”

ஒப்பந்தக்காரர் வாய் திறந்தபடி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சோதனைக் குழு திரும்பி வந்தது. ஐந்தாம் கதவு திறக்கவில்லை என்று அவர்கள் ஏட்டில் குறித்திருந்தார்கள். தரையோரத் துருத்துளை வழியே மெல்லிய கேமராவை நுழைத்தார்கள். திரையில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் குண்டு ஒன்று, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தெரிந்தது. பின்னால் வரிசையாக இன்னும் பல.

எல்லோரையும் தளத்துக்கு வெளியே விரட்டினார்கள். வேலியருகே தங்கை கணவன் அவரிடம் நெருங்கி வந்தான்.

“மச்சான், வீட்ல சொல்லிடாதீங்க.”

“சொல்லாம? குண்டு உன்ன விட்டுடுச்சு; உன்னக் காலி பண்ண என் தங்கச்சி இருக்கா.”

கையை நீட்டி, அவன் சட்டைப் பையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டார்.