சுண்டக் காய்ச்சிய பால்

அந்தப் பித்தளை டம்ளரை இன்றும் என்னால் கையில் எடுக்க முடியவில்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. என் மாமனார் பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆற்றி, என் மகளுக்குப் புகட்டியது அதில்தான்.

அவளுக்கு அப்போது மூன்று வயது. பால் ஒரு வாய் உள்ளே போனாலே முகம் வீங்கி மூச்சு இரைக்கும். பால் விட்டுப் பிசைந்து சுட்ட பன் மட்டும் கொஞ்சம் ஒத்துக்கொண்டது. சங்கரன்கோவில் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மாவோடு சேர்ந்து அடுப்புச் சூட்டில் வெந்தால் பாலின் சில புரதங்கள் உருக்குலைந்துபோகும். நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அவற்றை அவ்வளவாக அடையாளம் தெரியாது. ஆனால் கேசீன் என்று ஒன்று உண்டு, பன்னில் அது மாவுக்குள் கொஞ்சமாகச் சிக்கிக் கிடக்கும்; வெறும் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது அசையாது, கண்டதும் அணுக்கள் எதிரி வந்ததுபோலப் பாய்ந்துவிடும். பன்னை நம்பிப் பாலைக் கொடுத்துவிடாதீர்கள் என்றார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். ஆட்டினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஊர் கரிவலம்வந்தநல்லூரில் பாதித் தெருவுக்குப் பால் ஊற்றியவர் அவர். அவர் வீட்டுப் பால் பேத்திக்கே ஆகாது என்றால் தெருவில் தலைகாட்ட முடியாதாம். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளையின் உதடு தடித்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. டம்ளர் காலியாக இருந்தது.

"பன்னு சேருதுல்லா, பாலு மட்டும் சேராதோ? நான் காய்ச்சுன காய்ச்சுக்கு எல்லாம் செத்துருக்கும். எம்மாட்டுப் பாலு எம்பேத்திய என்ன செஞ்சிரப் போவுது?" என்றார் மாமா.

பைக்கில் என் கணவருக்குப் பின்னால், அவளை மடியில் இறுக்கிக்கொண்டு சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசி போட்டபிறகுதான் அழுதாள். அந்த அழுகைக்காக எந்தச் சாமிக்கும் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். பின்னாலேயே பஸ் பிடித்து வந்த மாமா, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஒடம்புல தெம்பே இல்ல" என்றார். பாவி மனுஷன்!

இப்போது அவருக்குச் சர்க்கரை. இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் பால்கோவாவை நீட்டினார். மாமா இரண்டு கையாலும் தடுத்தார்.

"வேண்டாம்யா. டாக்டர் வேண்டாம்னுட்டாரு. அவுக சொல்லத் தட்டக் கூடாதுல்லா?"

இன்னமும் பால் ஆகாத என் மகள், தாத்தாவுக்குச் சீனி போடாத கடுங்காப்பியை அதே பித்தளை டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.