மூன்றாவது காலுக்கு ஒரு வயர்

யூட் என் கடைக்குள் வந்து, சமையலறைத் துணியில் சுற்றிய ஒரு பொருளை மேசையில் வைத்தான். அவிழ்த்துப் பார்த்தால், ஐந்து நாளுக்கு முன் நானே திருத்திக் கொடுத்த வேப், அதாவது மின்சிகரெட். உறிஞ்சுகிற முனை கறுத்திருந்தது. கருகின பஞ்சின் மணம் கடை முழுக்கப் பரவியது.

"அண்ணை, சின்யோரேயின்ர நாக்கும் சொண்டும் வெந்து பொத்துப்போச்சு. நான் விழுத்திப்போட்டு மறைக்கிறனாம் எண்டு அவற்ர மகள் சொல்லுறா. சனிக்கிழமைக்குள்ள உண்மையைச் சொல்லாட்டி வேற வேலை பாக்கட்டாம்."

நான் கேட்ட முதல் கேள்வி, "விழுத்தினியோ?" என்பதுதான். என் வேலையில் பிழை இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பலெர்மோவுக்கு வந்து முதலில் வீடுகளில் தரை துடைத்தேன். அந்த வீடுகளில் பழுதாகி மூலையில் கிடந்த மிக்ஸி, ரேடியோ, விசிறி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கழற்றிக் கழற்றித்தான் தொழில் படித்தேன். பிரான்காச்சோவில் கடை போட்டு இருபத்தாறு வருடம். டிப்ளோமா வைத்திருக்கிறவர்கள் கைவிட்ட சாமானை என்னிடம் கொண்டுவருகிறார்கள். சிசிலிக்காரர் என்னை மாஸ்த்ரோ, தொழில் ஆசான், என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், அதனால் என் கெட்டித்தனத்தோடு பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

யூட் மன்னார்ப் பொடியன். மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் தங்கி, கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறான். அவரைத்தான் சின்யோரே, ஐயா, என்கிறான். வேலை போனால் படுக்கிற கட்டிலும் போகும். அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டு வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அவன் விசா முழுக்க அந்தத் துணிக்குள் கிடந்தது.

வேப்பைச் செய்தது அந்தச் சின்யோரேதான். நுரையீரலுக்கு ஆகாது என்று டொக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்ல, கடையில் விற்கிற வேப்பில் நம்பிக்கை இல்லாமல் தானே ஒன்று கட்டினார். ஒரு அலுமினியப் பெட்டி, உள்ளே இரண்டு பற்றரி, வோல்ற்றேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன போர்ட், கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அந்தத் திருகுக்குக் கீழே இருப்பது ரேடியோவில் சத்தம் கூட்டுகிற அதே சாமான். நாங்கள் வொலியூம் என்போம். நேர்த்தியான வேலை, ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை வந்தபோது அமத்துகிற சுவிற்ச் மட்டும் தேய்ந்திருந்தது. கனத்த கரண்ட் தாங்கும் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.

பல்ப் காட்டியது

புதுப் பற்றரி போட்டு, வெளியே கரண்ட் வரும் இடத்தில் மீற்றரை வைத்தேன். திருகைத் திருப்பினேன். மூன்றரை, நாலு, நாலே முக்கால். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி வந்தது.

"எல்லாம் சரியாத்தானே காட்டுது," என்றான் யூட். அவன் முகம் இன்னும் வாடியது. மெசினில் பிழை இல்லை என்றால் பிழை அவனுடையதாகிவிடும்.

பாரம் இல்லாமல் அளந்த வோல்ற்றேஜை நம்பக்கூடாது. இது என் கடைச் சட்டம். வண்டியில் ஆள் ஏறாமல் அதன் இழுவை தெரியாது. கார் பிரேக் பல்ப் ஒன்றைப் பாரமாகக் கொடுத்து, திருகை மிக மெதுவாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். மூன்றரை தாண்டி, நாலை நெருங்கும் இடத்தில் பல்ப் திடீரென்று வெள்ளையாக எரிந்தது. மீற்றரில் ஏழரைக்கு மேல், பஞ்சையும் நாக்கையும் சுடுகிற அளவு. கொஞ்சம் அசைத்தேன், பழைய மங்கல் வெளிச்சம் வந்தது. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினேன், மறுபடியும் வெள்ளை. முதலில் நான் சடசடவென்று திருப்பியதில் அந்த இடத்தை மீற்றர் கவனிக்காமல் தாண்டிவிட்டது.

"உந்த இடத்திலதான் சின்யோரே எப்பவும் வைக்கிறவர்," என்றான் யூட்.

வொலியூமைக் கழற்றி, தகட்டு மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே கறுப்புத் தடத்தில் ஒரு சிறு கம்பி நாக்கு ஓடும். அந்த நாக்கு ஓடும் வழியில் மஞ்சளாக ஒரு பொருக்கு காய்ந்திருந்தது. நாக்கு அதில் ஏறும்போது தடத்தை விட்டு எழும்பியது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

வருடா வருடம் ஆயுத பூசைக்குக் கடையைக் கழுவி, ஈயம் வைக்கிற அயர்ன், மீற்றர், ட்ரில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மேசையில் கிடக்கும் வாடிக்கையாளர் சாமானுக்கும் வைப்பேன். திருத்திய சாமான் நல்லபடி ஓடட்டும் என்ற எண்ணம்தான். ஆறு நாளுக்கு முன், இந்த முறை பூசையன்று, வேப் திருகு கழன்ற நிலையில் கிடந்தது. வொலியூமின் தண்டு வட்டமாக, பொட்டுக்கு அளவாக இருந்தது. குழைத்த சந்தனத்தை அதன் தலையில் வைத்தேன். மறுநாள் திருகை மேலே அமத்தி மாட்டிக் கொடுத்தேன். இதை யூட்டிடமும் சொன்னேன்.

"ஓம் அண்ணை, திருகுக்குக் கீழால மஞ்சளாப் பிதுங்கி நிண்டது," என்றான் யூட் தயங்கித் தயங்கி. "சின்யோரே என்னெண்டு கேப்பார் எண்டு பஸ்ஸில ஈரக் கடதாசியால துடைச்சனான்."

அந்த ஈரம் சந்தனத்தைத் தண்டு வழியாக உள்ளே இறக்கியிருக்கிறது.

இப்போது எனக்கு மூன்று வழி இருந்தது. சத்தமில்லாமல் புது வொலியூம் போடலாம். சாமான் பழசு என்று சொல்லலாம். ஈரத்தால் துடைத்தவன் அவன் என்றும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம் என்றுதான் எழுத ஆசை, இரண்டு இருக்கும். யூட்டே சொன்னான்: "பழசு எண்டு சொல்லுங்கோ அண்ணை, காணும்." ஆனால் அந்த வொலியூமைப் புதிதாக வாங்கிப் போட்டவர் சின்யோரே. பழசு என்றால் அவர் நம்பமாட்டார். சந்தேகம் திரும்பவும் இவன் தலையில்தான் வந்து விழும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வொலியூமுக்கு மூன்று கால். சின்யோரே இரண்டை மட்டும் பாவித்திருந்தார். நடுக்காலின் நாக்கு தடத்தை விட்டால், வோல்ற்றேஜ் போதாது என்று நினைத்து போர்ட் இருக்கிற எல்லாவற்றையும் தள்ளும். நடுக்காலையும் சும்மா கிடக்கும் மூன்றாவது காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தால், நாக்கு எழும்பினாலும் நாலே முக்காலைத் தாண்டாது. விரல் நக நீள வயர். முதல் தடவை திறந்தபோதே இதைக் கண்டேன். சுவிற்ச்சுக்குத்தானே வந்தது என்று மூடிவிட்டேன்.

மொண்டெல்லோவில்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு யூட்டோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். சின்யோரே வெந்த சொண்டில் களிம்பு பூசியிருந்தார். பக்கத்தில் புதுச் சிகரெட் பெட்டி, உடைத்தபடி. மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெள்ளைக் கடதாசியில் பழைய வொலியூமைத் திறந்தபடி வைத்து, பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். இந்த மஞ்சள் நான் வைத்தது, யூட் எதையும் விழுத்தவில்லை என்று எனக்குத் தெரிந்த இத்தாலியில் சொன்னேன். மெசினுக்கு ஏன் களி பூசுகிறீர்கள் என்று மகள் கேட்டார். உங்கள் ஊரில் பாதிரியார் காருக்கும் படகுக்கும் தண்ணீர் தெளிக்கிறாரே, எங்களுடையது கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் என்றேன். சின்யோரே சிரித்தார், சொண்டு வலித்து உடனே நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி, எலக்ட்ரீஷியன் கேட்கிற கேள்வி. "அழுக்குச் சேர்ந்தால் நிற்கத்தானே வேண்டும்? ஏன் உச்சத்துக்குப் போனது?"

மூன்றாவது காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் கொண்டுபோன பல்ப்பைக் கொழுவி, அதே சந்தனம் பிடித்த வொலியூமுக்கு அந்தத் துண்டு வயரைப் போட்டுத் திருப்பிக் காட்டினேன். பல்ப் வெள்ளையாக எரியவில்லை.

"முப்பது வருடம் கப்பலில் இருந்தேன், மாஸ்த்ரோ. இந்த வயர் நான் போட்டிருக்க வேண்டியது," என்றார்.

"கண்டவன் நான். நானும் போடவில்லை," என்றேன்.

புது வொலியூமும் வயரும் அங்கேயே வைத்து ஈயம் போட்டேன். சிகரெட் பெட்டியை அவரே யூட்டிடம் நீட்டி எறியச் சொன்னார். மகள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் வழக்கமாக யூட் போடும் கோப்பியை அன்று அவர் போட்டார். முதல் கோப்பையை அவன் முன்னால் வைத்தார். அடுத்த மாதம் அவன் பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தாயிற்று.

பிள்ளைகளே, பாரம் கொடுத்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கேட்ட பழுதைத் திருத்தும்போது கேட்காத பழுது கண்ணில் பட்டால், வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் திருத்திய ஆயிரம் சாமானில் கற்றதைவிட, கெடுத்த இந்த ஒன்றில் கற்றது அதிகம்.

இந்த வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாள் யூட் அதே வேப்பைக் கொண்டுவந்தான், பற்றரிப் பிடி தளர்ந்திருக்கிறதாம். திருகைச் சுற்றி ஒட்டுத்தாள். அதில் சின்யோரே கப்பலில் எழுதிப் பழகிய பெரிய எழுத்தில், இங்கே வேண்டாம் என்று இருந்தது. ஒரு அம்புக்குறி பெட்டியின் பின்பக்கம் போனது. திருப்பிப் பார்த்தேன். மூடியின் நடுவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார், கீழே, இங்கே.

வட்டத்துக்குள் வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.